நேற்று எங்கே விட்டேன்?

புதுப் புத்தகம் கைக்கு வந்தால் நான் அதைப் படிப்பதில்லை. தலைப்புப் பக்கம், பொருளடக்கம், முன்னுரை, பின்னட்டை. இவ்வளவு போதும், எந்த அலமாரிக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். அப்புறம் முதுகு வெடித்துவிடாமல் முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து அழுத்திப் பழக்குவேன். அச்சகத்தில் மடித்த தாள் சரியாக வெட்டுப்படாமல் சில பக்கங்கள் மேல் ஓரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியபடியே வரும். இரும்பு ஸ்கேலை உள்ளே விட்டு ஒரே இழுப்பில் பிரித்துவிடுவேன். நூலகர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் பழக்கம். வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட என் கை ஸ்கேலைத் தேடும்.

இந்தப் பாழாய்ப்போன கைப்பழக்கம்தான் போன வருஷம் ஒரு வீட்டில் என்னைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

அந்த வீட்டுக்காரர் ஒருநாள் எங்கள் கல்லூரி நூலகத்துக்கு வந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, நெற்றியில் மெல்லிசாக ஸ்ரீசூர்ணம். வாசலில் இருந்த பெண்ணிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டார், அவள் என்னைக் கை காட்டினாள். என் பக்கம் திரும்பியதும் தமிழுக்கு மாறிவிட்டார்.

"நீங்கோ கொள்ளேகால் பக்கமாமே? எங்காத்துல தமிழ்ப் புஸ்தகம் நிறைய இருக்கு. என் ஒய்ஃபோடது. அவ போய் ஆறு மாசம் ஆறது. உங்க காலேஜுக்குக் கொடுத்துடலாம்னு பார்க்கறேன். வந்து லிஸ்ட் பண்ணி எடுத்துண்டு போறேளா?"

எங்கள் கல்லூரியில் தமிழ் அலமாரிப் பக்கம் போவது நானும் கரப்பான்பூச்சியும்தான். பிள்ளைகள் வீட்டில் வாய் ஓயாமல் தமிழ் பேசுவார்கள், எழுத்தைக் காட்டினால் திருதிருவென்று முழிப்பார்கள். வேண்டாம் என்று அவரிடம் நாசூக்காகச் சொல்லியிருக்கலாம். ஆனால் மைசூரில் ஒருவர் தமிழ்ப் புத்தகம் என்று சொல்லிக்கொண்டு வந்தால் எனக்குக் கொஞ்சம் கிறுக்குப் பிடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சரஸ்வதிபுரத்தில் மாடி வீடு. உள்ளறையில் மூன்று பீரோ, கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டிகள், ஃபிரிட்ஜுக்கு மேல்கூடப் புத்தகம். ஜன்னலோரமாக எதிரும் புதிருமாக இரண்டு பிரம்பு நாற்காலிகள். நான் போய் அதில் ஒன்றில் உட்காரப் போனேன். "அது அவ இடம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று இருந்தது, தரையில் பாயைப் போட்டுக்கொண்டேன்.

"இதுல நீங்க எதெல்லாம் படிச்சிருக்கீங்க சார்?" என்று கேட்டேன். பேச்சை ஆரம்பிக்க வேண்டுமே.

"எனக்குத் தமிழ் படிக்கவே வராதே அம்மா" என்று சிரித்தார். "நாங்க மேல்கோட்டைக்காரா. எத்தனையோ தலைமுறையா இங்கேதான். ஆத்துல பேசறது தமிழ், பள்ளிக்கூடத்துல கன்னடம். வாயில இருக்கு, கண்ணுல இல்லை. அவ ஸ்ரீரங்கத்துப் பொண்ணு. கல்யாணமாகி வரச்சேயே ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் புஸ்தகத்தோட வந்தா."

அவர் ஹெப்பாளில் ஒரு ஃபாக்டரியில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தவர். காலையில் கம்பெனி பஸ், இருட்டின பிறகு வீடு. அவர் இல்லாத பகல்களில் அந்த அம்மா படித்திருக்கிறார். ரிட்டையர் ஆன பிறகு, மத்தியானம் காபி குடித்துவிட்டு இருவரும் அந்த நாற்காலிகளில் உட்காருவார்களாம். அந்த அம்மா மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கதை சொல்வாராம். இவர் கேட்பாராம்.

"படிச்சுக் காட்ட மாட்டா. புஸ்தகத் தமிழ் எனக்குப் புரியாதுன்னு தன் பேச்சுலேயே சொல்லுவா. அடையாளம் வைக்கற பழக்கமே கிடையாது அவளுக்கு. தினமும், நேத்து எங்கே விட்டேன்னு என்னைத்தான் கேப்பா. நான் சொன்னாத்தான் மேல போவா. இந்த ரூம்ல இருக்கற அத்தனையும் அவ படிச்சு முடிச்சது. ஒண்ணே ஒண்ணுதான் பாதியில நின்னுபோச்சு."

அந்த ஒன்று தனியாக ஒரு துணிப்பையில் இருந்தது. பையோடு எடுத்து வந்து காட்டினார். அட்டையில் ஒரு பழைய வீட்டின் வாசற்கதவுப் படம். கதையையும் சொன்னார். ஒரு பெண் ஒரு வீட்டை வாங்குகிறாள். விற்றுவிட்டுப் போன கிழவர் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து கேட்டுக்கு வெளியே நிற்கிறார், கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறார். ஒன்றும் கேட்பதில்லை. மழையானாலும் வருகிறார். அவளுக்கு முதலில் பயம், அப்புறம் எரிச்சல், கடைசியில் ஒருநாள் கேட்டைத் திறந்து உள்ளே கூப்பிடுகிறாள். அவர் வந்து உட்காருகிறார். தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார். ஏன் வருகிறேன் என்று சொல்ல வாயைத் திறக்கிறார்.

"அங்கே விட்டா. அன்னிக்கு ராத்திரி மூச்சு வாங்கித்து, ஆஸ்பத்திரிக்குப் போயாச்சு" என்றார். "ரெண்டு நாள் கழிச்சுக் கார்த்தால நன்னாப் பேசினா. நான்தான் சும்னே கேலியா, கிழவர் வாயைத் திறந்தது திறந்தபடியே இருக்காரே, கதையை முடிச்சுடேன்னேன். புஸ்தகம் இல்லாம எப்படிச் சொல்றது, ஆத்துக்குப் போய் எடுத்துண்டு வாங்கோன்னா. ஆட்டோ பிடிச்சு வந்தேன். எடுத்துண்டு ஓடினேன். வார்டு வாசல்லேயே நர்ஸ் நின்னுண்டிருந்தா."

பையின் சுருக்கத்தைத் தடவி நேராக்கினார்.

"கடைசியா அவ என்னைக் கேட்டது இது ஒண்ணைத்தான். கொண்டுவந்தேன், கொடுக்க முடியலை. கிழவர் என்ன சொன்னார்னு எனக்குத் தெரியணும் அம்மா. நீங்கோ படிச்சுச் சொல்லிடுங்கோ. ஆமேலே, படிச்சு முடிச்சப்புறம், இதையும் சேர்த்து எடுத்துண்டு போங்கோ."

இதிலென்ன கஷ்டம், ஒரு மத்தியானத்து வேலை என்று நினைத்தேன். முதலில் பீரோக்களை முடித்துவிடுகிறேன், கடைசியில் இதைப் படித்துச் சொல்கிறேன் என்றேன். நம் வாய் இருக்கிறதே!

பழைய பீரோவிலிருந்து ஆரம்பித்தேன். படித்த புத்தகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். மேஜைமேல் வைத்தால் தானாகவே விரிந்துகொள்ளும். அந்த அம்மாவுடைய பழைய புத்தகங்கள் எல்லாமே அப்படித்தான். ஓரத்தில் மஞ்சள் பட்ட கட்டைவிரல், நடுவில் ஹேர்பின், பழைய பஸ் டிக்கெட், தாளித்த எண்ணெய் தெறித்த புள்ளி. அடுப்பைப் பார்த்துக்கொண்டே படித்திருக்கிறார், மகராசி. முதல் பக்கத்தில் எங்கே வாங்கியது, எந்த வருஷம் என்று சின்ன எழுத்தில் எழுதி வைத்திருந்தார்.

சாயங்காலமாக மூன்றாவது பீரோவைத் தொட்டேன். பேச்சுக் கொடுத்தபடியே அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், நான் எழுதிக்கொண்டும் ஸ்கேலால் பக்கங்களைப் பிரித்துக்கொண்டும் இருந்தேன். கை தன்பாட்டுக்கு ஓடியது. புத்தகத்தைத் திற, முதுகைப் பழக்கு, ஒட்டிய பக்கத்தைக் கிழி, அடுத்ததை எடு. ஒரு அடுக்கு அப்படியே முடிந்துவிட்டது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அட, நான் எதற்கு ஸ்கேலை எடுத்தேன்? படித்த புத்தகத்தில் ஒட்டிய பக்கம் எங்கிருந்து வரும்?

பிரிக்காமல் மிச்சமிருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். முதல் பத்துப் பதினைந்து பக்கம் தளர்ந்திருந்தது. அதற்கு மேல் கடையில் வாங்கிய விறைப்பு. சிலதில் பக்கங்கள் ஒட்டியபடியே இருந்தன. முன்பக்கத்தில் எழுதியிருந்த வருஷத்தைப் பார்த்தேன். எல்லாமே அவர் ரிட்டையர் ஆன பிறகு வாங்கியது. ஸ்கேலைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவராகவே வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார். நான் எடுத்து வைக்கும் புத்தகத்தின் அட்டையைப் பார்த்துப் பார்த்து, "ஓ, இதுவா!" என்று கதை சொல்ல ஆரம்பித்தார். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நிற்கிற அட்டை. அந்தப் பெண் கைக்குழந்தையோடு கிராமத்தைவிட்டு ஓடிவந்து, மார்க்கெட்டில் பூக்கட்டிப் பிழைத்து, பிள்ளை பெரியவனாகி அவளையே யாரோ என்று நினைத்துப் பேரம் பேசின கதையைச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல கதை. அவர் காபி போட எழுந்து போனதும் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். குழந்தைகளுக்கு எந்த மாதத்தில் என்ன உணவு கொடுக்கலாம் என்பது பற்றிய கட்டுரைகள். ராகிக் கஞ்சி காய்ச்சும் முறை. புழுத் தொல்லைக்கு மருந்து.

சிரிப்பு வந்தது. உடனே அந்த அம்மாமேல் ஒரு கோபமும் வந்தது, ஏன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்து நம்பிக் கேட்கிற மனுஷனை இப்படியா வருஷக்கணக்கில் ஏமாற்றுவது? அதற்கடியில் பொறாமையும் இருந்தது. இத்தனை வருஷமாகப் புத்தகத்தோடு புழங்குகிறேன், ஒரு மனுஷரை ஒரு மத்தியானம் இப்படி உட்கார வைத்திருப்பேனா? என் வீட்டுக்காரர் நான் இரண்டாவது வாக்கியம் பேசினாலே டீவி சத்தத்தைக் கூட்டுவார்.

நேத்து எங்கே விட்டேன் என்று அந்த அம்மா ஏன் கேட்டிருக்கிறார் என்பதும் அப்போதுதான் விளங்கியது. கதை இவர் ஞாபகத்தில் மட்டும்தான் இருந்திருக்கிறது. வேறெங்கே போய்ப் பார்ப்பது?

ஆனால் அந்தத் துணிப்பை? அதற்குள் என்ன இருக்கிறதோ?

அவர் அதை வீட்டைவிட்டு வெளியே கொடுப்பதாக இல்லை. "இங்கேயே உட்கார்ந்து படிங்கோ, அவசரமில்லை" என்று கையில் கொடுத்துவிட்டுத் தேவராஜ மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போனார். எனக்குச் சௌகரியமாகப் போயிற்று. முன்னுரையைப் பிரித்தேன். முன்னுரை கொடுத்தவர் நாவலாசிரியருக்கு வேண்டியவர் போலிருக்கிறது, கதை முழுவதையும் ஒரு மூச்சில் ஒப்பித்துவிட்டார். ஒரு பெண் வீடு வாங்குகிறாள், சரி. விற்ற கிழவர் ஒருதரம் வந்து எட்டிப் பார்க்கிறார், அதுவும் சரி. மூன்றாவது அத்தியாயத்தில் கிழவர் போய்ச் சேருகிறார். மிச்சமெல்லாம் அந்தப் பெண் வார்டு தேர்தலில் நின்று ஜெயிக்கிற கதை. வெள்ளிக்கிழமையும் இல்லை, மழையும் இல்லை, தண்ணீர் வாங்கிக் குடிப்பதும் இல்லை. நம்பாமல் நடு நடுவே புரட்டிப் பார்த்தேன். தேர்தல்தான். கடைசியில் சில பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஸ்கேல் பையில்தான் இருந்தது. எடுக்க மனம் வரவில்லை. அந்த அம்மா தொடாமல் விட்டதை நான் எதற்குக் கிழிக்க வேண்டும்? அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

அவர் திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் இருக்குங்க சார். அடுத்த வாரம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

வீட்டில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அதிசயமாக டீவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"உன்னைப் பொஸ்தகம் அடுக்கத்தானே கூப்புட்டாங்க? அடுக்கிப் போட்டுட்டு வரவேண்டியதுதானே. அவங்க வூட்டுச் சங்கதி உனக்கெதுக்கு?"

"அவருகிட்ட என்னங்க சொல்றது? அந்தப் பொஸ்தகத்துல அந்தக் கதையே இல்லீங்கன்னு சொல்லட்டுமா? அதை எடுக்கத்தான் அவரு ஆஸ்பத்திரியைவுட்டுப் போனாரு. அவரு இல்லாத நேரத்துலதான் அந்தம்மா போய்ட்டாங்க."

அவர் கன்னத்தைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "அப்ப ஒண்ணு பண்ணு. நீயே ஒரு முடிவச் சொல்லீரு. எனக்குச் சொல்ற பொய்யில பாதி சொன்னாப் போதும், நம்பிக்குவாரு."

கிண்டலுக்குத்தான் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். வாரம் முழுக்க, பஸ்ஸில், நூலகத்தில், காய் நறுக்கும்போது எல்லாம் அந்தக் கிழவர் என் எதிரே வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். எதைச் சொல்ல வைத்தாலும் சப்பென்று இருந்தது. கடைசியில் ஒன்றைத் தேற்றினேன். அந்த வீட்டுப் பின்கட்டில்தான் அவர் மனைவி அவரை முதல்முதலாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அது ஒரு வெள்ளிக்கிழமை. கேட்டுக்கு வெளியே நின்றால் அந்தக் குரல் காதில் விழுகிறது. அதற்காகத்தான் வருகிறார். எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது, ஆனால் இதைவிட நல்லதாக எதுவும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனபோது வீடு பெருக்கித் துடைத்திருந்தது. காபி தயாராக இருந்தது. நான் பாயைத் தேடினேன்.

"பேடா, பாய் வேண்டாம், இன்னிக்கு அங்கே உட்காருங்கோ" என்றார். ஜன்னலோரம், அந்த அம்மாவின் நாற்காலியைக் காட்டினார். "கதை சொல்றவா அங்கேதான் உட்காரணும்."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? உட்கார்ந்தேன். புத்தகத்தை என் மடியில் வைத்தார். தானும் எதிரே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, கிழவர் தண்ணீர் குடித்த இடத்திலிருந்து ஆரம்பித்து, தேற்றி வைத்ததைச் சொன்னேன். முடித்த பிறகும் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"ஹௌதா, அப்படியா?" என்றார் மெதுவாக. "குரலுக்காகவா வந்தார். பாவம்." கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"எங்கே, அந்தப் பக்கத்தைக் காட்டுங்கோ. எழுத்துத் தெரியாட்டா இர்லி, பரவாயில்லை, ஒருதரம் தொட்டுப் பார்க்கறேன்."

எந்தப் பக்கத்தைக் காட்டுவது? நான் தடுமாறுவதைப் பார்த்து அவரே புத்தகத்தை வாங்கிக்கொண்டார். முடிவென்றால் கடைசியில்தானே இருக்கும்? பின்னாலிருந்து புரட்டினார். விரல் ஒரு இடத்தில் நின்றது. மறுபடி புரட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மேல் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தார். ஃபாக்டரியில் காலமெல்லாம் அதே வேலை பார்த்த கண்.

"ஒட்டிண்டிருக்கே" என்றார். "பிரிக்கவே இல்லையே. நீங்கோ எப்படிப் படிச்சேள்?"

அவர் எழுந்து மூன்றாவது பீரோவுக்குப் போனார். நான் முதல் ஞாயிறு அடுக்கி வைத்ததில் ஒன்றை உருவி மேல் ஓரத்தைப் பார்த்தார். இன்னொன்றை உருவினார். ஸ்கேல் போன இடம் பிசிறு பிசிறாக, வெள்ளை மாறாமல் அப்படியே இருந்தது.

"இதெல்லாம் நீங்கதானே கிழிச்சேள்? பார்த்துண்டுதான் இருந்தேன். எதுக்குக் கிழிக்கறேள்னு அன்னிக்கே நினைச்சேன், கேட்கலை."

இதற்கு மேல் எந்தப் பொய்யைச் சொல்ல?

"ஆமாங்க சார். அம்மா இதையெல்லாம் படிக்கலீங்க. மொதல்ல கொஞ்சம் பார்த்திருக்காங்க, அவ்வளவுதான். உங்களுக்குச் சொன்னதெல்லாம் அவங்களே கட்டின கதைங்க. நான் இப்பச் சொன்னதும் நானாச் சொன்னதுங்க. அதுல ஒண்ணும் இல்லீங்க."

கோபப்படுவார் என்று பார்த்தேன். இல்லாவிட்டால், அடடா, எனக்காக இத்தனை கதை கட்டினாளா என்று பூரித்துப்போவார் என்று ஒரு நப்பாசை. அப்படி ஏதாவது நடந்திருந்தால் என் மனசும் ஆறியிருக்கும். அவர் இரண்டும் செய்யவில்லை. திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தார். அந்தப் புத்தகத்தைத் துணிப்பைக்குள் போட்டு, பையின் வாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்போ கதை சொல்ல அவளுக்குப் புஸ்தகமே வேண்டாம்."

"வேண்டாங்க சார்."

"ஆஸ்பத்திரியில படுத்துண்டேகூடச் சொல்லியிருக்கலாம்."

நான் தலையாட்டினேன்.

தலையை நிமிர்த்தினார். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத்தான் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"அப்போ என்னை ஏன் ஆத்துக்கு அனுப்பினே?" என்று கேட்டார்.